சென்ட்ஓஎஸ் 7-ஐ விட்டு வெளியேறுதல்

சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு அந்தச் சர்வர்களில் யம் கட்டளை கொடுத்தவர்களுக்கு மிரர் பட்டியலைக் காணவில்லை என்ற பிழைச் செய்திதான் வந்தது. தொகுப்புகள் எல்லாம் வால்ட் என்ற பழைய சேமிப்புக்குப் போய்விட்டன. ஆனால் சர்வர்கள் நிற்கவில்லை. இணையதளம் வழக்கம்போலத் திறந்தது, மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் அச்சானது, பயன்படுத்துபவர்களுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. அதனாலேயே பல நிறுவனங்களில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு பாதுகாப்பு ஓட்டையும் அதில் அப்படியே திறந்து கிடக்கும். அடைக்க யாரும் வரப்போவதில்லை.

அப்படி ஒரு சர்வருக்குப் பொறுப்பானவரை மனத்தில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். பெரும்பாலும் அந்த சர்வரை நிறுவியவர் வேறொருவராக இருப்பார், அவர் வேலையை விட்டும் போயிருப்பார். கையில் இருப்பது ஒரு ரூட் கடவுச்சொல்லும், அதைத் தொடாதே என்ற எச்சரிக்கையும்தான். சர்வரை வெறும் இயந்திரத்திலிருந்து மறுபடி கட்டத் தெரிந்தால் மட்டுமே அதை அப்கிரேடு செய்ய முடியும். கீழே வரும் எல்லா வேலையும் அந்தத் தெரிதலைச் சம்பாதிப்பதற்காகத்தான்.

எங்கே போவது

சென்ட்ஓஎஸ் 7 வெளிவந்தது 2014 ஜூலையில். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் மூல நிரல்களை எடுத்து, பணம் வாங்காமல் தந்த மறுபதிப்பு அது. 2020 டிசம்பர் 8 அன்று ஓர் அறிவிப்பு வந்தது: 2029 வரை இருக்கும் என்று எல்லோரும் நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பர் 31-உடன் முடியும். முறையாக 8-க்கு மாறியவர்கள் ஓராண்டில் நடுத்தெருவில் நின்றார்கள். மாறாமல் 7-லேயே இருந்தவர்களுக்கு மூன்றரை ஆண்டு கிடைத்தது. அந்த அனுபவம் பல அலுவலகங்களில் ஒரு தவறான பாடத்தைக் கற்பித்துவிட்டது என்பது என் கருத்து. காத்திருந்தவனுக்கே லாபம் என்ற எண்ணம் அப்போது வேரூன்றியது. அந்தச் சலுகையும் 2024-இல் தீர்ந்துபோனது.

அந்த வெற்றிடத்தை நிரப்ப 2021-இல் இரண்டு மறுபதிப்புகள் வந்தன. மார்ச்சில் அல்மாலினக்ஸ், ஜூனில் ராக்கி லினக்ஸ். ராக்கியைத் தொடங்கியவர் சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்ஸர். மறைந்த தன் சக நிறுவனர் ராக்கி மெக்காவின் நினைவாக அந்தப் பெயரை வைத்தார். அன்றாட நிர்வாகத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிறுவனம் முழுவதும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பதிப்பு என்பதுதான் முக்கியமான கேள்வி. 8-க்கு 2029 மே வரையும், 9-க்கு 2032 மே வரையும் ஆதரவு உண்டு. இவ்வளவு பாடுபட்டு மாறுகிறவர்கள் 8-இல் நிற்க வேண்டாம், அது மூன்று ஆண்டுகளைச் சும்மா விட்டுக்கொடுப்பது. 2025 மே மாதம் வந்த 10-ஐ நினைப்பவர்கள் முதலில் வன்பொருளைப் பார்க்க வேண்டும். ரெட் ஹாட் 10 பழைய செயலிகளை ஏற்காது. இன்டெல்லில் 2013-இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அல்மாலினக்ஸ் மட்டும் அதற்கு முந்தைய செயலிகளுக்கென ஒரு தனிப் பதிப்பைத் தருகிறது. கணக்கு மென்பொருள், மருத்துவமனை மென்பொருள் போன்றவற்றை வெளியில் வாங்கியிருந்தால், விற்பனையாளர் எந்தப் பதிப்பை ஏற்கிறார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் “ஓடும் சார்” என்று சொன்னதைப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சந்தேகமிருந்தால் 9. உங்கள் அணிக்கு டெபியனோ உபுண்டுவோ நன்றாகத் தெரியுமென்றால் அதற்கே போகலாம். பழகிய கைதான் இரவு இரண்டு மணிக்கு உதவும்.

அதே இயந்திரத்திலா, பக்கத்திலா

இருக்கும் சர்வரிலேயே பதிப்பை மாற்ற ரெட் ஹாட்டிடம் லீப் என்ற கருவி இருக்கிறது. அதை அடிப்படையாகக் கொண்டு அல்மாலினக்ஸ்காரர்கள் எலிவேட் என்ற திட்டத்தை நடத்துகிறார்கள். 7-இலிருந்து நேரே 9-க்குத் தாவ முடியாது. முதலில் 8, அங்கிருந்து 9. ஒவ்வொரு படியிலும் முன்சோதனை அறிக்கை, ரீபூட், பிறகு மிச்சமிருக்கும் பழைய தொகுப்புகளைக் களைதல். இயங்குதளத்தின் சொந்தத் தொகுப்புகள் மட்டும் உள்ள எளிய சர்வரில் இது நன்றாகவே வேலை செய்யும். எபெல், ரெமி என்று வெளிக் களஞ்சியங்களிலிருந்து பலவற்றை ஏற்றி, கையால் கம்பைல் செய்த இரண்டொன்றையும் வைத்து வளர்ந்த சர்வரில் ஒவ்வொன்றும் ஒரு முடிச்சாக வந்து நிற்கும்.

பக்கத்தில் புதிய சர்வர் கட்டி, சேவையை அங்கே நகர்த்துவதையே நான் பரிந்துரைக்கிறேன். வி.எம். சூழலில் இதற்குக் கூடுதல் செலவு சில வாரங்களுக்கான வட்டு இடமும் நினைவகமும்தான். கிடைப்பது பெரிது. புதியதில் எது உடைந்தாலும் பழையது தொடப்படாமல் அங்கேயே இருக்கிறது. வேலை நேரத்திலேயே, பதற்றமில்லாமல், நாள்கணக்கில் சோதித்துப் பார்க்கலாம். ஒரே பெட்டியில் ஓடும், மாற்றுப் பெட்டியே இல்லாத சிறு அலுவலகத்துக்கு மட்டும் லீப் வழியை விட்டுவைக்கிறேன். அங்கேயும் முதலில் அந்த வட்டைப் பிரதியெடுத்து, பிரதியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகே.

ஸ்னாப்ஷாட் இருக்கிறதே, உடைந்தால் திரும்பிவிடலாமே என்பார்கள். திரும்பலாம். ஆனால் அப்கிரேடு முடித்து, பயனர்களை உள்ளே விட்டு, ஆறு மணி நேரம் கழித்துத் திரும்பினால் அந்த ஆறு மணி நேரத்தில் பதிவான பில்களும் சேர்க்கைகளும் காணாமல் போகும். ஸ்னாப்ஷாட் நமக்குக் கைகொடுப்பது பயனர்கள் உள்ளே வருவதற்கு முன்புவரைதான்.

என்ன இருக்கிறது என்று எழுதுதல்

மொத்த வேலையில் பாதி நேரம் இதற்குப் போக வேண்டும். போகாவிட்டால் எதையோ விட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவிய தொகுப்புகளின் பட்டியலை ஆர்பிஎம் கட்டளையே தந்துவிடும், அது சுலபம். தொகுப்போடு வந்த கட்டமைப்புக் கோப்புகளில் எவை பின்னால் மாற்றப்பட்டிருக்கின்றன என்பதையும் அதன் சரிபார்ப்பு வசதி காட்டும். பத்து ஆண்டுகளில் யார் எதை ஏன் மாற்றினார்கள் என்பதற்கு உங்களுக்குக் கிடைக்கும் முதல் தடயம் அதுதான். அடுத்து, எந்தத் தொகுப்பையும் சேராத கோப்புகள். ஆப்ட், யுஎஸ்ஆர் லோக்கல் ஃபோல்டர்கள், ரூட்டின் வீட்டு ஃபோல்டர், போய்விட்ட ஊழியர்களின் வீட்டு ஃபோல்டர்கள். பேக்கப் எடுக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் அங்கேதான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

க்ரான் வேலைகளை ரூட்டுக்கு மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், ஒவ்வொரு பயனருக்கும் தனிப் பட்டியல் உண்டு. சிஸ்டம்டி டைமர்களையும் சேருங்கள். பிறகு போர்ட்டுகள்: சர்வர் எவற்றைத் திறந்து வைத்திருக்கிறது, யார் வந்து இணைகிறார்கள், சர்வர் தானே யாரைத் தேடிப் போகிறது. ஒரு நிமிடம் பார்த்து எழுதுவது இதற்குப் போதாது. இணைப்புகளைப் பதிவுசெய்ய விட்டு ஒரு முழு மாதம் காத்திருங்கள். மாதத்தில் ஒருமுறை மட்டும் வங்கிக்குக் கோப்பு அனுப்பும் வேலை அப்போதுதான் தெரியும். தேர்வு முடிவு, ஆண்டுக் கணக்கு முடிப்பு போல ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை நடப்பவற்றைப் பதிவேடு சொல்லாது. கணக்குப் பிரிவிலும் தேர்வுப் பிரிவிலும் நேரில் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

பயனர் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்ட்ஓஎஸ் 6-இல் சாதாரணப் பயனர்களின் எண்கள் 500-இலிருந்து தொடங்கின, 7 முதல் 1000-இலிருந்து. 6-இலிருந்து வந்த பழைய கோப்புகள் என்எஃப்எஸ் வழியாகப் பகிரப்பட்டிருந்தால், புதிய சர்வரில் ஒருவருடைய கோப்பு இன்னொருவர் பெயரில் தோன்றலாம். உரிமம் வலையட்டையின் மேக் முகவரியோடு கட்டப்பட்ட மென்பொருள் இருக்கிறதா என்பதும் முன்கூட்டியே தெரிய வேண்டிய செய்தி.

இவ்வளவும் எழுதிய பின், எதையும் மாற்றாமல் பழைய சர்வரை ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். பலர் இதைத் தவிர்ப்பார்கள். ஆண்டுக்கணக்கில் அணைக்காமல் ஓடுவதைப் பெருமையாக நினைக்கும் வழக்கம் நம் தொழிலில் இன்னும் போகவில்லை. கையால் துவக்கிவிட்டு மறந்த சேவைகள், எழுதிவைக்காமல் நினைவகத்தில் மட்டும் இருக்கும் ஃபயர்வால் விதிகள் எல்லாம் அந்த ரீபூட்டில் வெளியே வரும். இப்போது வந்தால் அவை பழைய கோளாறு என்று தெரியும். மாற்றும் நாளில் வந்தால், புதியது செய்த கோளாறு என்று தேடி இரவெல்லாம் வீணாகும்.

கட்டுதல்

புதிய சர்வரில் கையால் எதையும் தட்டாதீர்கள். நிறுவலுக்குக் கிக்ஸ்டார்ட் கோப்பு, அதற்குப் பிந்தைய எல்லாவற்றுக்கும் ஆன்சிபிள் போன்ற ஒரு கருவி, இரண்டின் கோப்புகளும் கிட்டில். ஒரே ஒரு சர்வருக்கு இவ்வளவு ஏற்பாடா என்று தோன்றும். அந்த ஒரு சர்வரை நீங்கள் குறைந்தது மூன்று முறை கட்டப்போகிறீர்கள்: சோதனைக்கு, தவறுகளைத் திருத்திய பின் மறுபடி, கடைசியில் உண்மையான பயன்பாட்டுக்கு. மூன்றாவது முறை அரை மணி நேரத்தில் முடிந்தால் உங்கள் கோப்புகள் சரி.

ஆன்சிபிளில் ஒரு பொறி உண்டு. ஆன்சிபிள்-கோர் 2.17 முதல், நிர்வகிக்கப்படும் சர்வரில் பைத்தான் 3.7 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். சென்ட்ஓஎஸ் 7-இன் 2.7-உம் 8-இன் 3.6-உம் போதாது. பழையதையும் புதியதையும் ஒரே இடத்திலிருந்து ஆள வேண்டிய மாற்றக் காலம் முழுவதும் 2.16-ஐத் தனிச் சூழலில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இயங்கும் நிறுவனம் என்றால், செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணைகளை இந்தக் கட்டத்திலேயே உள்ளே எழுதிவிட வேண்டும். நேரத்தை என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வர்களோடு ஒத்திசைக்கச் சொல்கிறது அது. 8 முதல் என்டிபிடி கிடையாது, க்ரோனிதான். பழைய கட்டமைப்புக் கோப்பைப் பிரதியெடுத்து வைப்பதில் பயனில்லை, புதிதாக எழுதுங்கள். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும் ஆணை சொல்கிறது. லாக்ரோட்டேட் இயல்பாக வாரம் ஒன்று வீதம் நான்கு வாரங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். அதை 26 வாரமாக்கி, அதற்குத் தக்க வட்டு இடம் ஒதுக்குங்கள். முடிந்தால் பதிவேடுகளை வேறொரு சர்வருக்கும் அனுப்புங்கள். பாதுகாப்புச் சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிற விதிக்கு, பதிவேடு கையில் இருந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

எவை உடையும்

பைத்தான் 2 போய்விட்டது. உள்ளூரில் எழுதிய சிறு ஸ்கிரிப்ட்டுகளைத் திருத்தி எழுத வேண்டும். பிஎச்பி 5.4-இலிருந்து 8-க்கு வருகிறீர்கள். பழைய மைஎஸ்க்யூஎல் செயற்கூறுகள் 7.0-லேயே நீக்கப்பட்டவை, அவற்றை நம்பிய இணையப் பக்கம் ஒன்றுகூட ஓடாது. இது சர்வர் நிர்வாகியின் வேலை அன்று, நிரல் எழுதுபவரின் வேலை. தேதி குறிப்பதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். நெட்வொர்க் ஸ்கிரிப்ட்டுகளுக்குப் பதில் நெட்வொர்க்மேனேஜர் வந்துவிட்டது. 9-இல் ரூட் கடவுச்சொல்லோடு எஸ்எஸ்எச் வழி நுழைவது இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கும். சாவி வைத்த தனிப் பயனரை நிறுவலின்போதே உருவாக்காவிட்டால் நீங்களே வாசலில் நிற்பீர்கள்.

குறியாக்க விதிகளில் சற்று நிதானம் வேண்டும். டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் 8 முதலே இயல்பில் அணைக்கப்பட்டவை. 9-இல் எஸ்எச்ஏ-1 கையொப்பங்களும் ஏற்கப்படுவதில்லை. புதிய சர்வரிலிருந்து பழைய நெட்வொர்க் சுவிட்சுக்கோ, மூலையில் கிடக்கும் சென்ட்ஓஎஸ் 6 இயந்திரத்துக்கோ எஸ்எஸ்எச் போகாது. குறியாக்கக் கொள்கையை லெகஸி என்று மாற்றிவிடு என்று இணையத்தில் பார்த்த இடமெல்லாம் எழுதியிருப்பார்கள். ஒரு பழைய சுவிட்சுக்காக சர்வர் முழுவதையும் பலவீனமாக்குவது அது. அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். விலக்கை எப்போது நீக்குவீர்கள் என்ற தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள்.

எல்லாவற்றையும்விட அபாயமானது சத்தமில்லாமல் வருகிறது. போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துபவர்கள் இந்தப் பத்தியை இருமுறை படிக்க வேண்டும். எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகளை போஸ்ட்கிரெஸ் பொதுவாக இயங்குதளத்தின் ஜிலிப்சி நூலகத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28-இல் அந்த விதிகள் பெருமளவு மாறின. சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது 2.17, 8-இல் 2.28, 9-இல் 2.34. அமெரிக்க ஆங்கில லொகேலில் “11”, “1-1” என்ற இரண்டையும் வரிசைப்படுத்தச் சொன்னால் பழையது 11-ஐ முன்னால் வைக்கும், புதியது 1-1-ஐ முன்னால் வைக்கும். இண்டெக்ஸ் என்பது பழைய வரிசைப்படி அடுக்கப்பட்ட பட்டியல். புதிய இயங்குதளம் அதைப் புது விதிப்படி தேடும்போது இருக்கும் பதிவே இல்லை என்று சொல்லும். தனித்தன்மை விதி இருந்தும் ஒரே பதிவெண் இரண்டுமுறை நுழையும். கோடு போட்ட மாணவர் பதிவெண்களும் பில் எண்களும் இதில் மாட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது.

தரவுத்தளத்தை டம்ப் எடுத்துப் புதியதில் ஏற்றினால் இண்டெக்ஸ்கள் புதிதாகக் கட்டப்படும், சிக்கல் இல்லை. தரவு ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தாலோ, பழையதிலிருந்து புதியதற்கு ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் வைத்து மாறினாலோ, லீப் வழியாக அதே இடத்தில் ஏற்றினாலோதான் இது நேரும். அந்த மூன்றில் எதைச் செய்தாலும், பயனர்களை உள்ளே விடுவதற்கு முன் எழுத்து வகை இண்டெக்ஸ்கள் அனைத்தையும் ரீஇண்டெக்ஸ் செய்ய வேண்டும். பெரிய தரவுத்தளத்தில் அதற்கு மணிக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தையும் திட்டத்தில் சேருங்கள்.

பேக்கப்

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவு ஃபோல்டரை அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிபி. பேக்கப் தேடியபோது அது காலியாக இருந்தது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, ஆனால் டம்ப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பாக ஓடி, பதிப்பு பொருந்தாமல் ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றிருந்தது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் டிமார்க் சரிபார்ப்பில் தள்ளப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு எல்விஎம் ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. இவை அனைத்தையும் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள், அந்த நேர்மை பாராட்டுக்குரியது.

நமக்கு வேண்டியது அதிலிருக்கும் பதிப்புப் பொருத்தம் பற்றிய செய்தி. அப்கிரேடு செய்த சர்வரில் பேக்கப் வேலை பழைய கருவியையே தேடிக்கொண்டிருக்கலாம். ஆகவே மாற்றத்துக்கு முந்தைய வாரம் பழைய சர்வரின் பேக்கப்பிலிருந்து ஒரு வெற்று வி.எம்.மில் ரீஸ்டோர் செய்து, உள்ளே நுழைந்து, நேற்றைய பதிவு ஒன்றைத் தேடிப் பாருங்கள். மாற்றிய மறுநாள் புதிய சர்வரின் பேக்கப்புக்கும் அதையே செய்யுங்கள். பேக்கப் வெற்றி என்று வரும் மின்னஞ்சலை ஆதாரமாக ஏற்காதீர்கள்.

மாற்றும் நாள்

சம்பளம் போடும் வாரமும் தேர்வு முடிவு வாரமும் கூடாது. வெள்ளி மாலையும் வேண்டாம், சனிக்கிழமை உதவிக்கு விற்பனையாளரைக் கூப்பிட்டால் கிடைக்கமாட்டார். முந்தைய நாளே டிஎன்எஸ் பதிவின் டிடிஎல்லை 86400-இலிருந்து 300 நொடிக்குக் குறையுங்கள். பழைய எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளைப் புதியதற்குக் கொண்டுபோனால், அதோடு தானாகப் பேசும் மற்ற சர்வர்கள் நிற்காது. ஆனால் 2048 பிட்டுக்குக் குறைந்த ஆர்எஸ்ஏ சாவியாக இருந்தால் புதியது ஏற்காது.

பழையதில் எழுதுவதை நிறுத்துங்கள். கடைசித் தரவைக் கொண்டுவாருங்கள். முகவரியை மாற்றுங்கள். அலுவலகத்தில் உண்மையாகவே அந்த மென்பொருளில் வேலை செய்யும் ஒருவரை உட்காரவைத்து ஒரு பில் போடச் சொல்லுங்கள், ஓர் அறிக்கை அச்செடுக்கச் சொல்லுங்கள். எந்த மணிக்குள் சரியாகாவிட்டால் பழையதற்குத் திரும்புவது என்பதை முன்பே எழுதி, மேலதிகாரியின் ஒப்புதலும் வாங்கி வைத்திருக்க வேண்டும். களைத்துப்போன நேரத்தில் அந்த முடிவை எடுக்கக் கூடாது.

பழைய சர்வரை அணைத்து, நெட்வொர்க்கிலிருந்து பிரித்து, ஒரு மாத முடிவு கடக்கும்வரை வைத்திருங்கள். அதற்கு மேல் வேண்டாம். எதற்கும் இருக்கட்டும் என்று விட்டுவைத்த பழைய சர்வரை யாராவது ஒருநாள் மறுபடி ஏற்றிவிடுவார்கள், அது அத்தனை ஓட்டைகளோடும் உங்கள் நெட்வொர்க்குக்குத் திரும்பிவரும்.

வேலை முடிந்த அன்றே, நிறுவனத்தின் எல்லா சர்வர்களுக்கும் ஆதரவு முடியும் தேதியை ஒரே பட்டியலில் எழுதி, ஒவ்வொரு தேதிக்கும் 18 மாதம் முன்னால் நாட்காட்டியில் ஒரு குறி போடுங்கள். லினக்ஸை மட்டும் எழுதிவிட்டு விண்டோஸை மறக்க வேண்டாம்: விண்டோஸ் சர்வர் 2016-க்கான ஆதரவு 2027 ஜனவரி 12 அன்று முடிகிறது.